ஹாலே அருங்காட்சியகங்கள்: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெர்லின், மூனிச், கொலோன் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் ஹாலே இருக்காது. சாலே ஆற்றங்கரையில் சுமார் 2,40,000 பேர் வாழும் ஊர், உப்பு காய்ச்சிப் பணக்காரப் பட்டணமானது. இரண்டாம் உலகப்போரில் மற்ற ஜெர்மன் நகரங்கள் அளவுக்கு அழியாததால் பழைய தெருக்கள் இன்னும் நிற்கின்றன. 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைத்த வானத்தின் படம் ஒன்றும், தமிழ் எழுத்துகளை அச்சுக்கு வார்த்த வளாகம் ஒன்றும் இங்கே இருக்கின்றன. இந்த இரண்டுக்காகவே போகலாம் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் கூடுதல் லாபம்.

ஹாலேக்கு எப்படிப் போவது?

முதலில் சரியான ஹாலேக்கு டிக்கெட் எடுங்கள். வெஸ்ட்ஃபாலியாவில் டென்னிஸ் போட்டி நடக்கும் ஹாலே ஒன்று உண்டு, பெல்ஜியத்திலும் ஒன்று உண்டு. உங்களுக்கு வேண்டியது 'ஹாலே (சாலே)'. செயலியில் அடைப்புக்குறிக்குள் ஆற்றின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெர்லினிலிருந்து ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், மூனிச்சிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். லைப்சிக்கில் தங்கியிருந்தால் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலே போதும், முக்கால் மணிக்குள் வந்துவிடலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற நாடு தழுவிய மாதச் சீட்டு வைத்திருப்பவர்கள் எஸ்-பானிலும் வட்டார ரயில்களிலும் ஏறலாம். ஐசிஇயில் அது செல்லாது. பரிசோதகரிடம் 'தெரியாது' என்று சொல்லிப் பயனில்லை. விமானத்தில் வருகிறவர்களுக்கு லைப்சிக்/ஹாலே விமான நிலையம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது, ரயில் நிலையமும் அங்கேயே உண்டு.

ரயில் நிலையத்திலிருந்து நகரின் நடுச் சதுக்கத்துக்குக் கால் மணி நேர நடை. டிராமும் ஓடுகிறது. பெட்டி படுக்கை இல்லை என்றால் நடந்தே போங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஒரு நாளில் முடிக்கலாம், ஆனால் இரண்டு நாள் இருந்தால் நல்லது. ஒரே நாள்தான் என்றால் திங்கள் தவிர்த்த வாரநாளில் வாருங்கள். முதலில் சொன்ன வானத்தின் படம், அதாவது நெப்ரா வான்தட்டு, இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம் அந்த நாட்களில் காலை 9 மணிக்கே திறப்பதுண்டு. முதல் ஆளாக அங்கே போய்விட்டு, மதியத்துக்குமேல் தமிழ் எழுத்து வார்த்த பிராங்கே வளாகம், போகிற வழியில் சதுக்கத்தில் தேவாலயம். இதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து அருங்காட்சியகங்களை ஒரே நாளில் 'அடித்துவிட்டு' வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கால் வலித்தது என்பதுதான் பதிலாக வரும்.

நெப்ரா வான்தட்டு என்றால் என்ன? அதற்காக இவ்வளவு தூரம் வரலாமா?

வரலாம். சுமார் 30 செ.மீ. விட்டம், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை, வெண்கலம். அதன் மேல் தங்கத் தகட்டில் ஒரு முழு வட்டம் (சூரியனாகவோ முழுநிலவாகவோ இருக்கலாம்), ஒரு பிறை, சிதறிய புள்ளிகளாக விண்மீன்கள். வானத்தின் பொருள்களை இப்படிக் கண்கூடாகக் காட்டும் படங்களில் இதைவிடப் பழையது உலகில் கிடைத்ததில்லை என்பதுதான் இதன் பெருமை. 2013-இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கிட்டப் போய்ப் பாருங்கள். வட்டத்துக்கும் பிறைக்கும் இடையில் ஏழு புள்ளிகள் நெருக்கமாகக் கூடியிருக்கும். அது கார்த்திகைக் கூட்டம். நம் பழந்தமிழில் அறுமீன் என்று ஆறாக எண்ணியதை இங்கே ஏழாகப் பதித்திருக்கிறார்கள். வலப் பக்க விளிம்பில் ஒரு தங்க வளைவு இருக்கும். எதிர்ப் பக்கத்திலும் ஒன்று இருந்து உதிர்ந்துவிட்டது, அதன் தடம் மட்டும் தெரியும். ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும், மறையும் இடங்கள் அடிவானத்தில் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதை அந்த வளைவுகள் காட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கீழே ஒரு படகு. விளிம்பைச் சுற்றிலும் சிறு துளைகள். எல்லாம் ஒரே நாளில் செய்ததும் அல்ல. விண்மீன்கள் முதலில், வளைவுகள் பிறகு, படகு அதற்கும் பிறகு, துளைகள் கடைசியில். தலைமுறை தலைமுறையாகக் கை மாறி, ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள்.

தங்கமும் வெள்ளீயமும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் செம்பு ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையிலிருந்தும் வந்தவை என்று உலோகப் பகுப்பாய்வில் தெரிய வந்திருக்கிறது. சாலை, வண்டி, வரைபடம் எதுவும் சரியாக இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம்!

தட்டின் விளிம்பில் ஒரு வெட்டு தெரிகிறதே, அது என்ன?

திருடர்கள் போட்ட கொத்து. 1999-இல் நெப்ரா ஊருக்கு அருகே மிட்டெல்பெர்க் என்ற குன்றில் இரண்டு பேர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு திருட்டுத்தனமாகத் தோண்டினார்கள். வெளியே எடுத்த அவசரத்தில் தட்டு அடிபட்டது, பெரிய வட்டத்தின் தங்கத்தில் ஒரு பகுதி பிய்ந்தது. கூடவே இரண்டு வாள்கள், கோடரிகள், ஓர் உளி, கைவளையங்கள் கிடைத்தன. தட்டின் காலத்தைக் கணிக்க இந்த வாள்கள்தான் பெரிய துணை. எல்லாம் கள்ளச்சந்தையில் கை மாறி விலை ஏறிக்கொண்டே போனது. 2002-இல் மாநிலத் தொல்லியல் தலைவர் ஹரால்ட் மெல்லர், வாங்க வந்தவர்போல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஓட்டல் ஒன்றில் விற்பனையாளர்களைச் சந்திக்க, காத்திருந்த போலீஸ் அவர்களைப் பிடித்தது. தோண்டியவர்கள் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: தட்டு சில சமயம் வெளியூர்க் கண்காட்சிக்குப் போகும். 2022-இல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தது. கிளம்புவதற்கு முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, நெப்ரா ஊருக்குப் போனால் அசல் தட்டு கிடைக்காது. அங்கே இருப்பது பார்வையாளர் மையம். அசல் ஹாலேயில்தான்.

அந்த அருங்காட்சியகத்தில் வேறு என்ன பார்க்க?

தட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் நிறைய இழக்கிறார்கள். பாட் டுரென்பெர்க்கில் 1934-இல் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய பெண் பூசாரியின் கல்லறை இங்கே இருக்கிறது. மடியில் கைக்குழந்தை, கூடவே விலங்குகளின் பல்லும் எலும்பும். அப்புறம் ஆய்லாவ் கல்லறைகள். தாய், தந்தை, பிள்ளைகள் என்று ஒரே குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கொல்லப்பட்டவர்கள். அவர்கள் ஒரே குடும்பம்தான் என்பதை மரபணுச் சோதனையில் உறுதி செய்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த அறைக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது.

பிராங்கே வளாகத்தில் என்ன இருக்கிறது?

அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற லூத்தரன் பாதிரியார் 1698-இல் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. விடுதி, பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம், நூலகம் என்று ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. மருந்து விற்று, புத்தகம் விற்றுத் தன் செலவைத் தானே பெருமளவு பார்த்துக்கொண்டது. உள்முற்றத்தில் ஆறு மாடி உயரத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் நீளும் மரச்சட்டக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் கவனிப்பாரற்று இடியும் நிலைக்கு வந்து, 1990-க்குப் பிறகு மீட்கப்பட்டது.

நேராக அனாதை இல்லக் கட்டடத்தின் உச்சி மாடிக்கு ஏறுங்கள். பிள்ளைகள் படுத்துறங்கிய கூடம் 1741 வாக்கில் விந்தைப் பொருள் அறையாக மாறியது. கோட்ஃபிரீட் அவுகுஸ்ட் க்ரூண்ட்லர் என்ற ஓவியர் வடிவமைத்த 16 அலமாரிகள், சுமார் 3,000 பொருட்கள். அலமாரியின் தலைப்பகுதியைப் பாருங்கள். சங்கு, சிப்பி உள்ள அலமாரிக்கு மேலே சங்கும் சிப்பியும் வரைந்திருப்பார். எழுத்துப் படிக்கத் தெரியாத சிறுவனும் படத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். ஒரு பக்கம் இயற்கை தந்தவை, மறுபக்கம் மனிதன் செய்தவை. பாரோக் காலத்து (17, 18-ஆம் நூற்றாண்டு) விந்தை அறை ஒன்று, அமைந்த அதே இடத்தில் கிட்டத்தட்ட முழுதாகத் தப்பிப் பிழைத்திருப்பது அபூர்வம். மேல்தளத்து முகப்பிலிருந்து ஊரையும் பார்க்கலாம்.

பக்கத்தில் 1728-இல் கட்டி முடித்த நூலகம். அலமாரிகள் நாடக மேடைத் திரைகளைப்போல் இரு பக்கமும் அடுக்கடுக்காக நீண்டு நிற்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும், அதுவே போதும்.

ஹாலேக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?

டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் தம் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மதப்பணியாளர்களை அனுப்ப நினைத்தார். ஆள் கிடைத்தது பிராங்கேயின் வட்டத்திலிருந்து. ஹாலேயில் சிறிது காலம் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ என்ற இருவரும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு மணலில் விரலால் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தவர். இரண்டே ஆண்டில் ஓலைச்சுவடிகளைத் திரட்டி, எந்த நூலில் என்ன இருக்கிறது என்று குறிப்போடு ஒரு பட்டியல் தயாரித்தார்.

அச்சிட எழுத்து வேண்டுமே. தமிழ் எழுத்துகளின் மாதிரிகள் ஹாலேக்கு வந்து, இங்கே வார்க்கப்பட்டு 1713-இல் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. அவை அளவில் பெரியவை, தாளைத் தின்றன. அதனால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு தமிழில் 1714–15-இல் அச்சானது. அடுத்து சீகன்பால்கு ஐரோப்பா வந்தபோது மலையப்பன் என்ற தமிழரும் உடன் வந்தார். கப்பலில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே அனாதை இல்ல அச்சகத்தில் லத்தீனில் வெளிவந்தது.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 'தமிழில் முதல் அச்சு சீகன்பால்கு' என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஹாலேயின் பங்கு வேறு: விட்டுப்போன அச்சுப் பணி மறுபடி தொடங்கித் தொடர்ந்து நடக்க வழி செய்தது.

எல்லாம் இனிமையாக நடந்துவிடவும் இல்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு விரிவாக ஒரு நூல் எழுதி 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. சிலை வழிபாட்டை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்ற எண்ணம். கைப்பிரதி கிடப்பில் போனது, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நம் சிறுதெய்வங்களைப் பற்றி இன்று ஆய்வு செய்கிறவர்களுக்கு அந்த நூல் ஒரு புதையல்.

பின்னாளில் தமிழ்–ஆங்கில அகராதி தந்த ஃபப்ரிசியஸ், தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக (கார்டியன்) இருந்த சுவார்ட்ஸ் இருவரும் ஹாலேயில் படித்தவர்களே.

தமிழ் ஓலைச்சுவடிகளைப் பார்க்க முடியுமா?

விந்தை அறையில் தரங்கம்பாடியிலிருந்து போன பொருட்கள் சில உண்டு, எழுதிய ஓலையும் உண்டு. விளக்கச் சீட்டுகளில் தமிழைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை 'மலபார்' மக்கள் என்றே எழுதினார்கள். அந்தச் சொல் கண்ணில் பட்டால் நின்று படியுங்கள்.

சுவடிகளின் பெருந்தொகுப்பும் சீகன்பால்கு முதலானோர் எழுதிய கடிதங்களும் வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுற்றுலாவாக வந்து நேரே கதவைத் தட்ட முடியாது. ஆய்வுக்கு என்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, எந்தச் சுவடி வேண்டும் என்று குறிப்பிட்டு அனுமதி பெற வேண்டும்.

திங்கட்கிழமை வந்து மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது?

ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. தொல்லியல் அருங்காட்சியகமும் பிராங்கே வளாகமும் அப்படித்தான். ஆனால் மோரிட்ஸ்பூர்க் கலை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை புதன்கிழமை, திங்கள் திறந்திருக்கும். 1484-இல் கட்டத் தொடங்கிய பேராயர் கோட்டை, முப்பதாண்டுப் போரில் (1618–48) எரிந்து பாழானது. 2008-இல் ஸ்பானியக் கட்டடக்கலைஞர்கள் இடிந்த சுவர்களை அப்படியே விட்டு, மேலே அலுமினியக் கூரை போட்டு அரங்கம் ஆக்கினார்கள். லயனெல் ஃபைனிங்கர் என்ற ஓவியர் 1929 முதல் 1931 வரை வரைந்த ஹாலே ஓவியங்களில் சில இங்கே இருக்கின்றன. அவர் வேலை செய்த அறையும் இதே கோட்டையின் வாயில் கோபுரத்தில்தான் இருந்தது. 1937-இல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று சொல்லி இங்கிருந்து ஏராளமான படங்களை அள்ளிச் சென்றார்கள். சில மட்டுமே திரும்பின.

அதோடு சதுக்கத்துத் தேவாலயம், ஸ்டாட்கொட்டெசாக்கர் கல்லறைத் தோட்டம் இரண்டையும் சேர்த்தால் திங்கள் போய்விடும்.

சதுக்கத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

ஐந்து கோபுரங்கள். அவற்றில் நான்கு, ஒரே தேவாலயத்தினுடையவை. இரண்டு பழைய தேவாலயங்களின் கோபுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் புதிய கூடத்தைக் கட்டி ஒன்றாக்கினார்கள். ஐந்தாவது தனியே நிற்கும் சிவப்புக் கோபுரம். அதன் மணித்தொகுதியில் 76 மணிகள்.

தேவாலயத்தில், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் இறந்தபின் எடுத்த முக அச்சும் கை அச்சுகளும் உள்ளன. 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபெனில் இறந்தவரின் உடல் விட்டன்பெர்க் போகும் வழியில் இங்கே ஓர் இரவு வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் அந்த முகத்துக்கு உடல் செய்து, சட்டை மாட்டி, மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். நல்லவேளையாகப் பிற்பாடு கலைத்துவிட்டார்கள். முக அச்சைப் பார்க்கச் சிறு கட்டணம் கேட்பார்கள்.

ஹேண்டல் இல்லம் இசை தெரியாதவர்களுக்குப் பிடிக்குமா?

ஓரளவு. இசையமைப்பாளர் ஹேண்டல் 1685-இல் பிறந்த வீடு. சதுக்கத்திலிருந்து சில நிமிட நடை. பழைய இசைக்கருவிகளின் தொகுப்பு நன்றாக இருக்கும். மற்றபடி படிக்க வேண்டிய பலகைகள் அதிகம். அவர் இசையைக் கேட்டிராதவர்கள் சதுக்கத்தில் இருக்கும் அவர் சிலையோடு நிறுத்திக்கொள்ளலாம். கேட்டவர்கள் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் நடக்கும் ஹேண்டல் விழாவுக்குத் திட்டமிட்டு வாருங்கள். அந்த நாட்களில் அறை வாடகை ஏறும்.

டிக்கெட், சலுகை, மொழி?

பெர்லின், மூனிச்சோடு ஒப்பிட்டால் இங்கே கட்டணம் குறைவு. சிறப்புக் கண்காட்சி நடந்தால் கூடும். மாணவர்களுக்குச் சலுகை உண்டு, பல்கலைக்கழக அட்டையைக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் தனி விலை இருக்கும், எந்த வயதுவரை என்பது இடத்துக்கு இடம் மாறும். 'எர்மேசிக்ட்' என்று எழுதியிருந்தால் அது சலுகைக் கட்டணம். பெரிய நகரங்களில்போல் நேரச் சீட்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை, பெரும்பாலும் போன உடனே உள்ளே விடுவார்கள். மூடும் நேரத்துக்கு அரைமணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆங்கில விளக்கம் முக்கியமான இடங்களில் கிடைக்கும். இல்லாத இடத்தில் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமரா துணை.

பை, புகைப்படம், சாப்பாடு?

முதுகுப்பையோடு உள்ளே போனால் காவலர் தடுப்பார், கோபிக்க வேண்டாம். பூட்டு அலமாரிக்கு ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயம் தேவைப்படலாம். திறக்கும்போது திரும்பக் கிடைக்கும். கைவசம் சில்லறை இருக்கட்டும். புகைப்படத்துக்கு நுழைவில் கேட்டுவிடுங்கள், ஃபிளாஷ் எங்கேயும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கதி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபலாஃபெல் கடைகள் எளிது. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் பிராங்கே முற்றத்து மர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

ஹாலோரன் உருண்டைகள். 1804-இல் தொடங்கி இன்றும் இயங்கும் சாக்லேட் ஆலை. உப்புத் தொழிலாளர்களின் சட்டைப் பித்தான் வடிவில் செய்த சாக்லேட் அது. சில வகைகளில் மது கலந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்பதென்றால் பெட்டியின் பின்புறம் 'ஆல்கஹால்' என்று இருக்கிறதா பாருங்கள்.

காசில்லாமல் பார்க்க ஏதாவது?

ஸ்டாட்கொட்டெசாக்கர். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய பாணியில் அமைத்த கல்லறைத் தோட்டம். நாலாபக்கமும் 94 வளைவுகள், ஒவ்வொன்றிலும் வேறுவேறு சிற்ப வேலை. பிராங்கேயின் கல்லறையும் இங்கேதான். நடைபாதையில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், உறவினர் கல்லறைக்குப் பூ வைக்க வருகிறவர்கள் இன்றும் உண்டு.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால்?

லைப்சிக் எப்படியும் போவீர்கள், அதைச் சொல்லத் தேவையில்லை. நான் நாவும்பூர்க் போகச் சொல்வேன். வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே உள்ள பேராலயம் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேற்குக் கூடத்தில் 13-ஆம் நூற்றாண்டுக் கற்சிலைகள் ஆளுயரத்துக்கு நிற்கும். அதில் ஊட்டா என்ற சீமாட்டி மேலங்கியின் கழுத்துப்பட்டியைக் கையால் தூக்கிக் கன்னத்தை மறைத்துக்கொண்டு நிற்பார். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், சிலைகள் உயரத்தில் இருக்கின்றன.